மனம் வைக்கச் சொல்பவர்களுக்கு

அக்டோபரில் முதியோர் தினம் வந்தால் எங்கள் ஊர் மண்டபத்தில் கூட்டம் உண்டு. பேச்சாளர் மாறுவார், வரி மாறாது: "மனம் உண்டானால் மார்க்கம் உண்டு. மூலையில் உட்கார்ந்துவிட்ட பெரியவர்களே, மனம் வையுங்கள், மறதி ஓடிவிடும்." ஆறு வருடமாகக் கேட்கிறேன். முதல் வருடம் அப்பாவையும் கூட்டிப் போயிருந்தேன். கை தட்டியவர்களில் சிலர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குத்தான் இந்தப் பதில்.

வீட்டார் வேலை கொடுக்காமல் உட்காரவைத்துக் கெடுத்துவிட்டார்களாம். அப்பா எழுபது வயது வரை ரேடியோ பழுது பார்த்தவர். பெயர்கள் மறக்கத் தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்பே அவர் பட்டறைப் பக்கம் போவதை நிறுத்தியிருந்தார். அல்சைமரில் மறதி வெளியே தெரிவதற்கு முன்பே நாட்டம் வற்றத் தொடங்குவது உண்டு. உட்கார்ந்ததால் நோய் வரவில்லை. நோய் வந்ததால் உட்கார்ந்தார்.

மனச்சோர்வுதான், உற்சாகப்படுத்தினால் சரியாகும் என்கிறார்கள். சோர்வில் இருப்பவர் வருந்துவார், தன்னையே நொந்துகொள்வார். அப்பாவிடம் வருத்தமே இல்லை. இரண்டும் சேர்ந்து வரலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ராபர்ட் மாரின் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் நாட்டமின்மையைத் தனியே பிரித்துக் காட்டி, 1991இலேயே அதை அளக்க ஓர் அளவுகோலையும் வெளியிட்டார்.

பற்றற்ற ஞானநிலை என்றும் ஒருவர் பேசினார். பற்றை விடவும் மனம் வேண்டும்.

அந்த மனத்துக்கே வருகிறேன். காலையில் அப்பா முன்னால் இட்லித் தட்டை வைப்போம். இட்லி ஆறிப்போகும், கை மடியிலேயே இருக்கும். "சாப்பிடுங்கப்பா" என்று அக்கா சொன்னால் தலையாட்டுவார். கை மட்டும் வராது. அக்கா ஒரு விள்ளலைக் காரச்சட்னியில் தொட்டு வாயில் வைத்ததும் கண் விரியும், நாக்கு உதட்டைத் துழாவும், அடுத்த விள்ளலுக்கு வாய் திறக்கும். நாலு இட்லி உள்ளே போய்விடும். "ருசி தெரியுதே, அப்புறம் எடுத்துச் சாப்பிட என்ன?" என்று உறவினர் ஒருவர் கேட்டார். மண்டபத்துப் பேச்சின் மொத்த வாதமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

அதற்குப் பதில் 1989இலேயே வந்துவிட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜும் சகாக்களும் எலிகளின் மூளையில் டோபமைனை ஏறக்குறைய முழுவதும் அழித்துப் பார்த்தார்கள். தீனி பக்கத்திலேயே இருந்தும் அவை தொடவில்லை. குழாய் வழியே ஊட்டாவிட்டால் பட்டினியில் செத்திருக்கும். அதே எலிகளின் வாயில் சர்க்கரைத் தண்ணீரை விட்டபோது, நல்ல எலிகளைப் போலவே நாக்கைச் சுழற்றிச் சப்புக்கொட்டின. ருசி போகவில்லை. ருசியைத் தேடி எழுகிற உந்துதல்தான் போயிருந்தது. பிடித்திருப்பது வேறு, வேண்டும் என்று எழுவது வேறு. இரண்டாவதற்குத்தான் டோபமைன் வேண்டும். எந்த எலியும் சோம்பலால் பட்டினி கிடக்காது.

எல்லா மறதிநோயும் ஒரே மாதிரி அல்ல, சிலவற்றில் ருசியே மங்கும். ஆனாலும் நடுமூளையில் தொடங்கி மூளையின் ஆழத்துக்கும் முன்மடலுக்கும் போகும் டோபமைன் நரம்புச் சுற்றுதான், இந்தப் பலனுக்கு இந்தப் பாடு தகுமா என்று எடைபோட்டுக் கையை எழுப்புகிறது. நோய் அரிப்பது அந்தச் சுற்றை. மனம் வை என்பது, பவர் சப்ளை போன செட்டில் வால்யூமைத் திருகுகிற வேலை. அப்பா தொழில் பழகவந்த பையன்களைத் திட்டியது இதற்காகத்தான்.

2021இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. நாட்டமிழந்த 200 அல்சைமர் நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு, மூளையில் டோபமைனைக் கூட்டும் மெத்தில்ஃபெனிடேட்டை ஆறு மாதம் கொடுத்தார்கள். நாட்டமின்மை ஓரளவு குறைந்தது. ஓரளவுதான். உபதேசத்தால் அந்த ஓரளவுகூடக் குறைந்து நான் பார்த்ததில்லை.

அப்பாவை இப்போதெல்லாம் எழுந்திருக்கச் சொல்வதில்லை. முதல் அசைவை நாங்களே தொடங்கிவைக்கிறோம். நேற்று அவர் கையில் ஸ்க்ரூட்ரைவரைக் கொடுத்து, என் கையால் அதைப் பிடித்து, பழைய டிரான்சிஸ்டரின் முதல் திருகைக் கழற்றினேன். மீதி மூன்றையும் அவரே கழற்றினார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு கை நின்றுவிட்டது.