திருகாணியைத் தொடும் முன்...



கார்புரேட்டரின் குறுக்குவெட்டுப் படம் வரையச் சொன்னால் நம் வகுப்பில் யாரும் சளைத்தவர்கள் அல்ல. வென்சுரி, ஃப்ளோட், பைலட் ஜெட், மெயின் ஜெட் என்று அம்புக்குறி போட்டு, பாகங்களையும் அழகாகக் குறித்துவிடுவோம். ஆனால் நிஜ வண்டி ஒன்று நம் முன்னால் வந்து நின்றால்? முதலில் கை போவது ஸ்க்ரூ டிரைவருக்கு! இது நம்மைப் பிடித்த வியாதி என்று சொன்னால் கோபப்படாதீர்கள். முதல் நோயாளி நான்தான்.

சென்ற ஆண்டு விடுமுறையில் ஒரு ஒர்க் ஷாப்பில் வேலை பழகப் போனேன். தண்டராம்பட்டு பக்கத்திலிருந்து தினமும் திருவண்ணாமலைக்குப் பால் கொண்டுவரும் அண்ணன் ஒருவர் தன் பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கைக் கொண்டுவந்தார். "தம்பி, ஆக்சிலேட்டரை விட்டாலும் வண்டி கத்திக்கிட்டே இருக்கு, என்னான்னு பாரேன்" என்றார். ஒர்க் ஷாப்காரர் வெளியே போயிருந்தார். நான் ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருப்பினேன். சத்தம் அடங்கியது. "படிச்ச புள்ளைன்னா சும்மாவா!" என்று டீ வாங்கிக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் பௌர்ணமி. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலுள்ள டீக்கடைகளுக்கு அன்று வழக்கத்தைவிட அதிகப் பால் வேண்டும். இரண்டு கேன் பாலோடு வந்தவரின் வண்டி நடுவழியில் ஜாம் ஆகி நின்றுவிட்டது. அன்றைய பாலும் போச்சு, பிஸ்டனும் போச்சு.

ஒர்க் ஷாப்காரர் கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலிருந்த ரப்பரை விரலால் தடவினார். மெல்லிய வெடிப்பு! "சத்தத்தைக் குறைச்சியே, சத்தம் ஏன் ஏறுச்சுன்னு கேட்டியாடா?" அவ்வளவுதான் சொன்னார். பால்கார அண்ணன் திட்டவில்லை. "படிச்ச பையன்னு நம்பிக் குடுத்தேன் தம்பி" என்றார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

நடந்தது இதுதான். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று என்று நாம் படிக்கிறோம். வெடிப்பு வழியே கணக்கில் இல்லாத காற்று புகுந்து கலவை லீன் ஆனது. இன்ஜின் சூடேறியது. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் வண்டி அது. பெட்ரோலின் பங்கு குறைந்தபோது ஆயிலும் குறைந்தது. வண்டி கத்தியது ஓர் எச்சரிக்கை. நான் அதன் வாயைப் பொத்திவிட்டேன்!

அதனால் சொல்கிறேன், திருகாணி கடைசியில்தான். முதலில் ஏர் ஃபில்டர், ஆக்சிலேட்டர் கேபிள், ரப்பர் இணைப்பு. பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: கரி படிந்திருந்தால் ரிச், வெளுத்திருந்தால் லீன், இளம் பழுப்பு என்றால் நலம். சோக்கு போட்டால் ஓடி, எடுத்தால் ஆஃப் ஆகிறதா? பைலட் ஜெட்டில் அடைப்பு இருக்கலாம். ஜெட் பித்தளை, இரும்புக் கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். பெட்ரோல் வழிகிறதா? ஃப்ளோட்டையும் அதன் நீடில் வால்வையும் பாருங்கள்.

இவையெல்லாம் சரி என்றால் மட்டும், இன்ஜினைச் சூடாக்கிவிட்டு, திருகாணிக்கு வாருங்கள். அது ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றுக்கு. உள்ளே திருகினால் கலவை ரிச். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலுக்கு. உள்ளே திருகினால் லீன். இது தெரியாமல் திருப்புவது குருட்டு வைத்தியம்!

"2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்ததிலிருந்து புது வண்டிகள் பெரும்பாலும் இன்ஜெக்ஷன்தானே, செத்துப்போன கார்புரேட்டரைப் பற்றி எதற்குப் பேச்சு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நம் ஊரில் பாலும் பூவும் காய்கறியும் சுமக்கிற வண்டிகளைப் பாருங்கள், எத்தனை பழசு என்று தெரியும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் பழைய ரப்பர் பாகங்களை முன்னைவிடக் கவனிக்கவும் வேண்டும். தவிர, இன்ஜெக்ஷன் வண்டியிலும் ரப்பர் வெடித்தால் காற்று புகத்தான் செய்யும். திருகாணிக்குப் பதில் சென்சாரை மாற்றிக்கொண்டிருப்போம், அவ்வளவுதான் வித்தியாசம்!

நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு யோசனை. மாதம் ஒரு நாள் கல்லூரி வாசலில் இலவச வண்டிப் பரிசோதனை வைப்போம். ஒரே நிபந்தனை: என்ன பார்த்தோம், என்ன காரணம் என்று ஒரு சீட்டில் எழுதி ஆசிரியரிடம் காட்டாமல் யாரும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கக் கூடாது. செய்முறை ரெக்கார்டை நண்பனைப் பார்த்து எழுதிவிடலாம். இந்தச் சீட்டை அப்படி எழுத முடியாது.

டிப்ளமோ என்பது கையில் ஸ்பேனர் பிடிக்கக் கிடைக்கும் லைசென்ஸ் மட்டுமா? "ஏன்?" என்று கேட்கும் பழக்கமும் அல்லவா?

அந்த அண்ணன் இன்றும் அதே வண்டியில்தான் பால் கொண்டுவருகிறார். வழியில் பார்த்தால் சிரிக்கிறார். ஆனால் வண்டியை மட்டும் என்னிடம் கொடுப்பதில்லை. அவர் மறுபடி கொடுக்கும் நாள்தான் எனக்கு உண்மையான பட்டமளிப்பு விழா!