பி16 சாயத்துக்குப் பின்னால்

டான்சில் கட்டியின் பயாப்சி அறிக்கை 'பி16 பாசிட்டிவ்' என்று முடிகிறது. ட்யூமர் போர்டில் அதை வாசிப்பவர் 'எச்.பி.வி. பாசிட்டிவ்' என்கிறார். இரண்டுக்கும் நடுவில் வைரஸை யாரும் தேடவில்லை. அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் இப்படித் தாவுவதால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. வெற்றிலை, பாக்கு, புகையிலை, பீடி என்று பழகிய நம் நோயாளிகளிடம் கெடுதல் உண்டு.

பி16 வைரஸின் புரதம் அல்ல, நம் செல்லின் புரதம். எச்.பி.வி. 16 வகையின் ஈ7 புரதம் ஆர்.பி. புரதத்தைச் சிதைக்கிறது. ஆர்.பி. அடக்கி வைத்திருந்த பி16 அதன் பிறகு கட்டின்றி ஏறுகிறது. நாம் சாயமேற்றிப் பார்ப்பது இந்த ஏற்றத்தைத்தான். கூடவே ஈ6 புரதம் பி53-ஐ அழித்துவிடுவதால், வைரஸ் கட்டிக்கு டிபி53 மரபணு பிறழ வேண்டிய தேவையே இல்லை. 2015இல் வெளியான டிசிஜிஏ ஆய்வு 279 கட்டிகளில் இதைத் தெளிவாகக் காட்டியது. எச்.பி.வி. இல்லாத கட்டிகளில் 84 சதவீதத்தில் டிபி53 பிறழ்ந்திருந்தது. எச்.பி.வி. உள்ள 36 கட்டிகளில் ஒன்றே ஒன்றில்தான் அது இருந்தது. பி16-ஐ உருவாக்கும் சிடிகேஎன்2ஏ மரபணு முதல் வகையில் பாதிக்கு மேற்பட்டவற்றில் செயலிழந்திருந்தது. இரண்டாம் வகையில் பிஐகே3சிஏ பிறழ்வும் டிராஃப்3 இழப்பும் முன்னுக்கு வந்தன. இடம் ஒன்றானாலும் நோய் இரண்டு.

ஆனால் வைரஸ் இல்லாமலும் ஆர்.பி. மரபணு பிறழலாம். அப்போதும் பி16 அதே அளவு ஏறும், பாசிட்டிவ் என்று சொல்வதற்கான எழுபது சதவீத வரம்பையும் தாண்டும். மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

இந்தப் பிழை எவ்வளவு பெரிதாகும் என்பது ஊரைப் பொறுத்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்; எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. வாய்த்தொண்டைப் புற்று 100 பேர். ஓர் ஊரில் 60 பேருக்கு வைரஸ் காரணம். மீதி 40 பேரில் பத்தில் ஒருவருக்கு வேறு வழியில் பி16 ஏறுகிறது என்றால் 4 பேர். ஆக, பாசிட்டிவ் வந்த 64 பேரில் 4 பேர்தான் தவறான பெட்டியில் விழுகிறார்கள். இன்னோர் ஊரில் வைரஸ் காரணம் 10 பேருக்கு மட்டும். மீதி 90 பேரில் அதே பத்தில் ஒருவர் என்றால் 9 பேர். பாசிட்டிவ் வந்த 19 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வைரஸே இல்லை. சாயமும் அதுவே, வரம்பும் அதுவே, படிக்கும் கண்ணும் அதுவே. மாறியது ஊர்தான்.

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. 2023இல் லான்செட் ஆங்காலஜி இதழில் வந்த, 7,654 நோயாளிகளைத் தொகுத்த ஆய்வில் 9.2 சதவீதத்தினருக்கு பி16 முடிவும் எச்.பி.வி. முடிவும் முரண்பட்டன. எச்.பி.வி.யின் பங்கு குறைந்த பகுதிகளில் இந்த முரண் கூடியது. இரண்டும் பாசிட்டிவ் ஆனவர்களில் 81.1 சதவீதத்தினர் ஐந்து ஆண்டு உயிருடன் இருந்தார்கள். பி16 மட்டும் பாசிட்டிவ், வைரஸ் இல்லை என்றவர்களில் அது 54.7 சதவீதம். இரண்டும் இல்லாதவர்களில் 40.4.

ஏஜேசிசி எட்டாம் பதிப்பு பி16-ஐ வைத்தே வாய்த்தொண்டைப் புற்றின் நிலையைப் பிரிக்கிறது. டி2 கட்டி, ஒரே பக்கத்தில் ஆறு சென்டிமீட்டருக்குள் பல நிணநீர்க் கணுக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி16 நெகட்டிவ் என்றால் நிலை 4ஏ. பாசிட்டிவ் என்றால் நிலை 1. குடும்பத்தாரிடம் 'ஆரம்ப நிலைதான்' என்று சொல்லும் துணிச்சல் இந்த ஒரு சாயத்திலிருந்து வருகிறது. அடுத்தபடியாக, சிகிச்சையைக் கொஞ்சம் குறைக்கலாமே என்ற ஆசையும் வருகிறது. வைரஸ் காரணம் மிகுந்த ஊர்களின் பி16 பாசிட்டிவ் நோயாளிகளிடமே அந்த ஆசை பலிக்கவில்லை. சிஸ்பிளாட்டினுக்குப் பதில் செடுக்ஸிமாப் கொடுத்துப் பார்த்த ஆர்டிஓஜி 1016, டிஎஸ்கலேட் ஆய்வுகள் இரண்டிலும் உயிர்வாழ்வு குறைந்தது. கதிர்வீச்சை 60 கிரேயாகக் குறைத்த என்ஆர்ஜி எச்என்005 ஆய்வும் வழக்கமான 70 கிரேக்கு ஈடு நிற்கவில்லை. அப்படியிருக்க, நம் பி16 பாசிட்டிவ் நோயாளிக்குச் சிகிச்சையைக் குறைப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

கன்னப் புற்றுக்கும் ஈறுப் புற்றுக்கும் பி16 கேட்டு அனுப்பும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். அங்கே அந்த முடிவு நிலையையும் மாற்றாது, சிகிச்சையையும் மாற்றாது. இந்திய வாய்ப்புற்றில் எச்.பி.வி.யின் பங்கு பற்றி வந்த ஆய்வுகள் சொல்லும் சதவீதங்கள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் நிற்கின்றன. சோதனை முறையும் அதற்கு ஒரு காரணம். டிஎன்ஏ பிசிஆர் மட்டும் செய்தால் எச்சிலில் தங்கிப் போகும் வைரஸும் சிக்கும், ஆய்வகத்தில் கலந்த மாசும் சிக்கும். ஈ6, ஈ7 ஆர்என்ஏ இருந்தால்தான் வைரஸ் அங்கே வேலை செய்கிறது என்று சொல்ல முடியும். நம் கன்னப் புற்றின் கதை மரபணுக்களில் எழுதப்பட்டிருக்கிறது. கல்யாணியின் என்ஐபிஎம்ஜி, நவி மும்பையின் ஆக்ட்ரெக் ஆகிய நிறுவனங்கள் பங்கேற்ற இந்திய ஆய்வு 2013இல் டிபி53, ஃபேட்1, காஸ்ப்8, எச்ராஸ், நாட்ச்1 ஆகியவற்றோடு யுஎஸ்பி9எக்ஸ், ஆரிட்2 போன்றவற்றையும் அடையாளம் கண்டது. இவற்றில் மருந்து எட்டிப் பார்த்தது முக்கியமாக எச்ராஸ் பிறழ்வுக்குத்தான். டிபிஃபார்னிப் சிறிய ஆய்வொன்றில் நல்ல பலன் காட்டியது. டிபி53 பிறழ்ந்திருக்கிறது என்று அறிய நோயாளியின் கைக்காசில் பெரிய பேனல் அனுப்புவது, முன்பே தெரிந்த விடைக்குப் பணம் கட்டுவதாகும்.

நடைமுறைக்கு வருவோம். பி16 வாய்த்தொண்டைக் கட்டிக்கும், மூலம் தெரியாத கழுத்துக் கணுவுக்கும் போதும். பாசிட்டிவ் வந்தால் அதே பிளாக்கில் எச்.பி.வி.க்கான தனிச் சோதனை வேண்டும். ஆர்என்ஏ இன்சிட்டு சிறந்தது, இல்லையேல் டிஎன்ஏ. அதுவும் கைக்கெட்டாத இடத்தில் பி53 இம்யூனோவாவது செய்யுங்கள். செல்கள் முழுக்க அடர்ந்த கறை, அல்லது கறையே இல்லாத வெறுமை, இரண்டில் எது தெரிந்தாலும் 'இது வைரஸ் நோய்தானா' என்று நின்று யோசிக்கப் போதுமான காரணம் அது. விண்ணப்பத் தாளில் கட்டி எங்கிருந்து எடுத்தது, புகையிலைப் பழக்கம் எத்தனை ஆண்டு என்பதை எழுதி அனுப்பினால் நோயியல் நிபுணருக்குப் பாதி வேலை குறையும். 'தொண்டை' என்று மட்டும் எழுதி வரும் தாள்களை வைத்து அவர் என்ன செய்வார்?

நம் பத்திரிகையின் அடுத்த இதழ் முதல், 'எச்.பி.வி. பாசிட்டிவ்' என்று எழுதும் கட்டுரையாளர்கள் எந்தச் சோதனையால் அப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும். பி16 மட்டும் செய்திருந்தால் 'பி16 பாசிட்டிவ்' என்றே அச்சாகும்.