எண்ணை ஏற்கும் கட்டத்தின் கடமை

மகாராஷ்டிர மாநிலத்தின் உல்லாஸ்நகர், தேசப் பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகள் குடியேறியதும், 1949-ஆம் ஆண்டில் இப்பெயர் பெற்றதுமான நகரமாகும். தையல் தொழிலும் வாணிபமும் மிகுந்த இத்தகைய ஊரில் ஒன்றரை லட்சம் ரூபாயைப் பலர் 1,50,000 என எழுதுவர். மேனாட்டு முறையில் பழகியோர் 150,000 என்பர். மராத்திக் கணக்கில் அதே தொகை தேவநாகரி இலக்கங்களில் அமையும். தாளில் இவற்றைப் படிப்போர் மயங்குவதில்லை. கணிப்பொறித் திரையில் எண்ணுக்கென விடப்பட்ட கட்டமோ மயங்கிவிடுகின்றது.

இணையப் படிவங்களில் பெருவழக்காயுள்ள ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், எழுத்துத் தொடரை எண்ணாக மாற்றும் பார்ஸ்ஃப்ளோட் என்னும் கட்டளை முதற் காற்புள்ளியிலேயே நின்றுவிடும். 1,50,000 என இட்டால் 1 என்றே கொள்ளும், பிழையென அறிவிப்பதுமில்லை. கூலிப் பட்டியலிலோ மதிப்பெண் பதிவிலோ இத்தகைய மௌனப் பிழை புகுமாயின், அதனால் நட்டமடைபவர் படிவத்தைக் கண்ணாலும் காணாதவராயிருப்பர்.

காற்புள்ளியின்றி எழுதுமாறு பணியாளரைப் பழக்கினால் போதும் என்பர் சிலர். இது பொருந்தாது. 150000, 1500000 என்னும் இரண்டையும் ஒரு பார்வையில் வேறுபடுத்துதல் அரிது. காற்புள்ளி அலங்காரமன்று, சுழியங்களை எண்ணிக் காக்கும் காவலாகும்.

ஆகவே, கட்டமானது மக்கள் எழுதும் வடிவங்களை ஏற்று, உள்ளே ஒரே மதிப்பாகச் சேமித்தல் வேண்டும். தட்டெழுதும்போதே குறிகளைச் செருகினால் சுட்டி இடம் மாறும். எழுதி முடித்தபின் 1,50,000 என ஒழுங்குபடுத்திக் காட்டுவதே முறை. ஐயமுள்ள இடத்தில் ஊகித்தல் கூடாது. 1.500 என்பது இந்தியருக்கு ஒன்றரை. ஜெர்மானியருக்கு ஆயிரத்து ஐந்நூறு. அங்கே வினவுதலே நேர்மை. இலக்கங்களால் ஆனவை யாவும் எண்களும் அல்ல: உல்லாஸ்நகரின் 421001 என்னும் அஞ்சல் குறியீட்டைக் கூட்டுவாருமில்லை, அதற்குக் காற்புள்ளியும் வேண்டா.

களப்பணியாளரும் ஆசிரியரும் தாம் இட்ட எண்ணைச் சேமித்தபின் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்தல் நலம். மாறியிருப்பின், தம் கையைக் குறைகூறிக்கொண்டு வாளாவிராது, படிவத்தை அமைத்தோருக்கு எழுதி அறிவித்தல் வேண்டும். மனிதனின் வழக்கத்தை யந்திரம் கற்றுக்கொள்வதே முறையன்றி, யந்திரத்தின் குறைபாட்டை மனிதன் சுமத்தல் முறையன்று.