தண்ணீரை விட மலிவாக வந்த எண்ணெய்! பங்க்கில் விலை இறங்காதது ஏன்?

வேங்கிக்கால்,

பெட்ரோல் விலை ஏறும்போது ராத்திரியோடு ராத்திரியாக ஏறிவிடுகிறது. கச்சா எண்ணெய் விலை இறங்கினால் மட்டும் அது பங்க்கில் தெரிவதே இல்லை. ஏன்?

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு தினமும் ஸ்கூட்டரில் வரும் குமாஸ்தா கேட்கிறார். மளிகைக் கடைக்காரரும் ஆட்டோக்காரரும் கேட்கிறார்கள். "எல்லாம் அரபு நாட்டுக்காரன் பண்ற வேலை" என்பார் ஒருவர். "இல்லப்பா, டெல்லிக்காரன்" என்பார் இன்னொருவர். இரண்டும் பாதி உண்மை. கணக்கைப் பாருங்கள்.

மாட்டு வண்டி

1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பீப்பாய் 3 டாலருக்கு விற்ற கச்சா எண்ணெய், சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. இங்கேயும் பெட்ரோல் விலை எகிறியது. அதைக் கண்டித்து அந்த ஆண்டு நவம்பரில் வாஜ்பாய் மாட்டு வண்டியில் பாராளுமன்றத்துக்குப் போனார்.

அது எண்ணெய் ஏறிய காலம். சரி, எண்ணெய் இறங்கிய காலத்தில் என்ன நடந்தது?

10 ரூபாய் எண்ணெய்

ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். 2014 மே மாதம் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெய் பீப்பாய் 106 டாலர் அளவில் இருந்தது. லிட்டர் கணக்கில் சுமார் 40 ரூபாய். அப்போது மத்திய அரசின் எக்சைஸ் வரி பெட்ரோலுக்கு 9 ரூபாய் 48 காசு. டீசலுக்கு 3 ரூபாய் 56 காசுதான்.

2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கு. பீப்பாய் 20 டாலருக்கு விழுந்தது. லிட்டர் 10 ரூபாய்க்கும் கீழே! கடையில் விற்கும் தண்ணீர் பாட்டிலை விட மலிவு!

பங்க்கில் விலை இறங்கியதா? இல்லை. அடுத்த மாதமே மத்திய வரி பெட்ரோலுக்கு 32 ரூபாய் 98 காசு, டீசலுக்கு 31 ரூபாய் 83 காசு ஆனது. தமிழக அரசும் சும்மா இருக்கவில்லை. அதே மே மாதம் வாட் வரியை மாற்றியதில் பெட்ரோல் லிட்டருக்கு சுமார் 3 ரூபாய் 25 காசு கூடியது.

பிறகு எண்ணெய் மறுபடி ஏறியது. ஏற்றி வைத்த வரியோ இறங்கவில்லை. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. 2022 ஏப்ரலில் 110 ரூபாய் 85 காசு!

குறைக்கவே இல்லையா?

குறைத்தார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது. 2021 நவம்பரிலும் 2022 மே மாதமும் மத்திய அரசு பெட்ரோலுக்கு மொத்தம் 13 ரூபாயும், டீசலுக்கு 16 ரூபாயும் குறைத்தது. அப்படியும் டீசல் வரி 15 ரூபாய் 80 காசில் நின்றது. 2014-ல் இருந்ததைப் போல 4 மடங்குக்கு மேல்! 2025 ஏப்ரலில் எண்ணெய் சரிந்ததும் வரி மீண்டும் 2 ரூபாய் கூடியது. பங்க் விலை அப்படியே இருந்தது.

ரோடு போடவும் ரேஷன் கொடுக்கவும் பணம் வேண்டாமா என்று அரசு கேட்கிறது. நியாயம்தான். 2014-ல் 60 ரூபாய் அளவில் இருந்த டாலர், 2022-ல் 80 ரூபாயைத் தாண்டியதும் உண்மை.

ஆனால் வருமான வரி ஆளைப் பார்த்துப் போடும் வரி. இது ஆளைப் பார்க்காத வரி. காரில் போகும் முதலாளிக்கும், மொபெட்டில் பூ விற்கும் பெண்ணுக்கும் லிட்டருக்கு ஒரே வரி. வண்டியே இல்லாதவரும் தப்ப முடியாது. டீசல் ஏறினால் லாரி வாடகை ஏறும். தக்காளி ஏறும். 2018 ஜனவரியில் அரசு பஸ் கட்டணம் ஏறியபோதும் டீசல் விலையைத்தான் ஒரு காரணமாகச் சொன்னார்கள்.

ஜி.எஸ்.டி.யில் சேர்த்தால் வரி குறையும் என்றார்கள். 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் அதை ஏற்கவில்லை. மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இது கைவிட முடியாத வருமானம்.

வரியே வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. எண்ணெய் விலை இறங்கும்போது வரியைக் கூட்டுகிறவர்கள், ஏறும்போது தாமதிக்காமல் குறைக்க வேண்டும். பங்க் ரசீதில் எண்ணெய்க்கு எவ்வளவு, டெல்லிக்கு எவ்வளவு, சென்னைக்கு எவ்வளவு என்று தனித்தனியாக அச்சடிக்க வேண்டும். காசு கொடுப்பவனுக்குக் கணக்குத் தெரிய வேண்டாமா?