ஆளில்லாத மலைகள்

மலையைப் படமெடுக்கக் கற்றுத்தர ஒரு பயிற்சி முகாமா என்று நண்பர்கள் சிலர் நகைத்தனர். மலை அங்கேயே நிற்கிறது. வெயில் தானாக வருகிறது. செல்பேசியை உயர்த்தி விரலால் தொட்டால் படம் ஆகிவிடுகிறது. இதற்கு மூன்று நாளைச் செலவழிக்க வேண்டுமா என்பது அவர்கள் வாதம். நேயர்களுள்ளும் பலர் அவ்வாறே எண்ணக்கூடும். சென்ற சனவரித் திங்களில் கொடைக்கானலில் நடைபெற்ற அத்தகைய முகாம் ஒன்றிற்கு நாம் சென்று வந்தோம். அங்குக் கண்டவற்றுள் சிலவற்றை இம்மாதம் எழுதுகிறோம்.

முகாமில் சேர்ந்தவர் எண்மர் மட்டுமே. ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் ஒருவர், திருச்சியிலிருந்து வந்த செவிலியர் ஒருவர், பள்ளி ஆசிரியைகள் இருவர், கணினித் துறையில் பணிபுரியும் இளைஞர் மூவர், இவர்களோடு நாம். பயிற்சி அளித்தவர் மதுரையில் முப்பது ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்தியவர். திருமணப் படங்களும் பாஸ்போர்ட் படங்களும் எடுத்தே குடும்பத்தைக் கரையேற்றியவர். ஓய்வு கிடைத்த ஞாயிறுகளில் எல்லாம் மலையேறியவர். எட்டுப் பேருக்குமேல் சேர்ப்பதில்லை என்பது அவர் வைத்திருக்கும் விதி. காரணம் எளிது. விடியலிலும் அந்தியிலும் நல்ல ஒளி அரைமணி நேரமே நிற்கும். அதற்குள் ஒவ்வொருவரின் காமிராவையும் எட்டிப் பார்த்துத் திருத்த வேண்டும். இருபது பேரை வைத்துக்கொண்டு அது நடவாது. பாறை விளிம்பில் இருபது முக்காலிகளை ஊன்ற இடமும் இராது.

இத்தகைய முகாம்களைப் பேசுவோர் ஆன்சல் ஆடம்ஸைப் பேசாமல் இருப்பதில்லை. அமெரிக்க நாட்டின் புகழ்பெற்ற நிலக்காட்சிப் படக்கலைஞரான அவர் 1902இல் பிறந்தவர், 1984இல் மறைந்தவர். பதினான்கு வயதில் பெற்றோருடன் கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கிற்குச் சென்றபோது கையில் கிடைத்த பெட்டிக் காமிராவே அவர் வாழ்க்கையைத் திருப்பியது. அதே பள்ளத்தாக்கில் 1940இல் ஒரு பயிற்சி நடத்திய அவர், 1955 முதல் ஆண்டுதோறும் மாணாக்கரைக் கூட்டிக் கற்பித்தார். கருமை முதல் வெண்மை வரை ஒளியைப் 11 படிகளாகப் பிரித்து, காட்சியின் எந்தப் பகுதி எந்தப் படியில் விழவேண்டும் என்பதைப் பொத்தானை அழுத்துமுன்னரே முடிவு செய்யும் முறையை பிரெட் ஆர்ச்சர் என்பவருடன் சேர்ந்து வகுத்தவரும் அவரே. நம் ஆசிரியரும் முதல் நாள் காலையில் ஒரு தாளில் அந்தப் பதினொரு கட்டங்களை வரைந்துதான் பாடத்தைத் தொடங்கினார்.

அன்று மாலை தூண் பாறைகளுக்கு எதிரே நின்றோம். ஏறக்குறைய 400 அடி உயரமுள்ள அப்பாறைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கும் வெண்பனி மூட்டம். பேருந்துகளில் வந்த சுற்றுலாப் பயணிகள் இரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். பின் மூட்டத்திற்கு முதுகைக் காட்டித் தம்மைத் தாமே படமெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மூட்டத்தையே படமெடுக்குமாறு ஆசிரியர் சொன்னார். எடுத்த படங்கள் எல்லாம் சாம்பல் நிறமாய் அழுக்கேறிய வேட்டிபோல் இருந்தன. ஏன் என்று அவர் விளக்கினார். காமிராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்றே கணக்கிடுமாம். வெண்பனியைக் காட்டினாலும் சாம்பலாக்கிவிடும். கரும்பாறையைக் காட்டினாலும் சாம்பலாக்கிவிடும். எனவே மூட்டத்திற்கு ஒளியை ஒரு படி கூட்டித் தரவேண்டும். செல்பேசியிலும் திரையைத் தொட்டு மேலே இழுத்தால் அது கூடும். அவ்வாறு செய்தபின் பனி பனியாகவே படத்தில் வந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து மூட்டம் நான்கு நிமிடம் விலகிற்று. முக்காலி ஊன்றிக் காத்திருந்தவர் எண்மரும் படமெடுத்தனர்.

மற்றொரு குறிப்பையும் இங்கே சொல்லிவிடுகிறோம். மலைக்குச் செல்வோர்க்குப் பயன்படும். குளிரில் நின்ற காமிராவை வெப்பமான அறைக்குள் கொண்டுவந்தவுடன் பையிலிருந்து எடுத்தல் ஆகாது. லென்ஸின் மேல் நீர் கோத்துவிடும். பையை மூடியபடியே அரைமணி நேரம் விட்டு வைத்தால் போதும்.

இரண்டாம் நாள் விடியுமுன் பூம்பாறைக்குப் புறப்பட்டோம். கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். வழியில் பைன் மரக்காடு வந்தது. திரைப்படங்களில் பலமுறை கண்ட இடம் ஆதலால் இளைஞர்கள் இறங்க விரும்பினார்கள். ஆசிரியர் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. பைன் இம்மலைக்குரிய மரமன்று என்றார். யூகலிப்டஸும் வாட்டிலும் அவ்வாறே மனிதர் கொண்டுவந்து நட்டவை. பழனி மலையின் இயற்கை என்பது பள்ளங்களில் அடர்ந்த சோலைக்காடும், மேடுகளில் விரிந்த புல்வெளியுமே ஆகும். அப்புல்வெளியை வெறுந்தரை என்று எண்ணித்தான் மரம் நட்டார்கள். 2018இல் குறிஞ்சி பூத்ததும் அத்தகைய வெறுந்தரையில்தான். இனி 2030இல் பூக்க வேண்டும். நாம் அழகிய காடு என்று படமெடுத்துச் சுவரில் மாட்டுவது, உண்மையில் யாரோ வரிசை பிடித்து நட்ட தோட்டமாக இருக்கக்கூடும் என்பதை அவ்விடத்தைக் கடந்தபோதுதான் உணர்ந்தோம்.

பூம்பாறை வெள்ளைப்பூண்டுக்குப் பெயர்பெற்ற ஊர். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. ஊரைச் சுற்றி மலைச்சரிவு முழுவதும் படிப்படியாக வெட்டிய தோட்டங்கள். அவற்றின் விளிம்புகளில் கல் அடுக்கிக் கட்டிய சுவர்கள். சாலையின் மேட்டிலிருந்து பார்த்தால் அச்சுவர்கள் வளைந்து வளைந்து இறங்கி ஊரின் ஓட்டு வீடுகளில் போய் முடிகின்றன. முந்தைய இரவு ஆசிரியர் இவ்வூர்ப் படம் ஒன்றைக் காட்டிப் பாடம் நடத்தியிருந்தார். பார்ப்பவர் கண்ணைப் படத்திற்குள் இழுத்துச் செல்லும் கோடு ஒன்று வேண்டும். இங்கே அந்தக் கல்வரிசையே அக்கோடு என்றார். ஆகவே நாங்கள் எல்லோரும் சாலையை விட்டிறங்கி, ஒரு தோட்டத்தின் ஓரத்தில் அந்தக் கோட்டைத் தேடி முக்காலிகளை ஊன்றினோம். ஒளித்துளை எஃப் 11, ஐ.எஸ்.ஓ. 100, எல்லாம் ஆயத்தம். கதிரவன் எதிர்மலையைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

அவ்வேளையில் பெண்கள் மூவர் களைபறிக்க வந்து, படத்தின் நட்டநடுவே அமர்ந்தார்கள். இளைஞருள் ஒருவர் கையை அசைத்து, சற்று ஒதுங்குமாறு அவர்களுக்குச் சைகை காட்டினார்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் எழுந்து நின்றார். "ஏந் தம்பி, எங்க தோட்டத்தைப் படம் புடிக்கிறதுக்கு எங்களையே ஒதுங்கச் சொல்றீகளே?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உடனிருந்த பெண்களும் சிரித்தார்கள். இளைஞர் கையைத் தாழ்த்திக்கொண்டார். நம் ஆசிரியர் தோட்டத்திற்குள் இறங்கிச் சென்று, கேளாமல் வந்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றார். பிறகு அந்தக் கல்வரிசையைப் பற்றி விசாரித்தார். அதற்குள் வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. காத்திருந்த ஒளி போய்க்கொண்டே இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தச் சுவரா? ஐப்பசி மழையில மொத்தமா சரிஞ்சு போச்சுங்க. நானும் எங்க வீட்டுக்காரரும் கல்லுச் சுமந்து சுமந்து மறுபடி கட்டினோம். இன்னமும் முதுகு நிமிரல" என்றார் அம்மையார். பின்னர் சற்று யோசித்து, "ஒரு படம் எடுத்துக் குடுப்பீகளா? எம்மகன் திருப்பூருல பனியன் கம்பெனியில இருக்கான். சுவரு போச்சு, இனிமே அங்க என்ன இருக்கு, தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு வாங்கன்னு நச்சரிக்கிறான். கட்டிட்டோம்னா நம்ப மாட்டேங்கிறான். எங்க போனுல பேச மட்டுந்தான் முடியும்" என்றார்.

கையசைத்த இளைஞரே முன்வந்து அப்படத்தை எடுத்தார். சுவர், அதன்மேல் சாய்ந்து அம்மையார், பின்னே ஊர். திருப்பூர் எண்ணைக் கேட்டு, செல்பேசி வழியே உடனே அனுப்பியும் வைத்தார்.

அன்றிரவு அவரவர் எடுத்தவற்றுள் ஐந்து படங்களைத் திரையில் காட்டிப் பேசுவது முறை. பேச்சு படங்களை விட்டு அந்தப் பெண்களிடமே போயிற்று. இளைஞர் மற்றொருவர் தம் கட்சியைத் திறம்பட எடுத்துரைத்தார். ஆளில்லாத படத்தில் பார்ப்பவன் தானே நுழைந்து நிற்கலாம். ஆள் நின்றால் அது அவருடைய படமாகிவிடுகிறது. மலையின் அமைதியைக் காட்ட விரும்புவோன் மனிதரை நீக்குவதில் தவறென்ன என்று கேட்டார். இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. வெற்றிடமும் ஒரு சுவைதான்.

ஆசிரியர் யோசெமிட்டியையே மறுமொழியாக எடுத்துக்கொண்டார். 1861இல் கார்ல்டன் வாட்கின்ஸ் என்பவர் மாபெரும் கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிச் சென்று அப்பள்ளத்தாக்கைப் படமெடுத்தார். அவை தலைநகர்வரை சென்றன. 1864 சூன் 30ஆம் நாள் குடியரசுத் தலைவர் லிங்கன் அவ்விடத்தைப் பொதுமக்களுக்கென்று காக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டதற்கு அப்படங்களும் துணை நின்றன. படம் ஒரு பள்ளத்தாக்கையே காப்பாற்றிற்று. இது சிறிய செய்தியன்று. ஆனால் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், 1851இல், அங்கே வழிவழியாக வாழ்ந்த அவானிச்சி மக்களைத் துரத்த ஆயுதப்படை ஒன்று உள்ளே புகுந்திருந்தது. வாட்கின்ஸ் கண்டு வியந்த அகன்ற புல்வெளிகள் அம்மக்கள் காலந்தோறும் தீ வைத்துச் செப்பனிட்டவை. அவர்கள் அகன்றபின் மரங்கள் புல்வெளிக்குள் நெருங்கிவிட்டன. படத்தைப் பார்த்த உலகமோ, அது மனிதக் கை படாத நிலம் என்று நம்பிற்று. ஆடம்ஸின் புகழ்பெற்ற மலைப்படங்களிலும் மனிதரைக் காண்பது அரிது. எனினும் போர்க்காலத்தில் சப்பானிய வழிவந்த அமெரிக்கரைக் கம்பிவேலிக்குள் அடைத்து வைத்திருந்த மன்சனார் முகாமிற்கு 1943இல் சென்று, அவர்தம் முகங்களைப் படமெடுத்து மறு ஆண்டில் நூலாக்கியவரும் அதே ஆடம்ஸ்தான் என்பதையும் நாம் மறத்தலாகாது.

நம் கருத்தைக் கேட்டால், ஆளில்லாத படத்தை எடுக்கவே கூடாதென்று சொல்லமாட்டோம். தூண் பாறைகளின் முன்னால் யாரையும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் பூம்பாறையில் நாம் கோடு என்று கண்டது ஒரு குடும்பத்தின் முதுகுவலி. அதை அறிந்தபின், ஒதுங்கச் சொல்லும் கை எளிதில் எழவில்லை. இவ்வாறு கேட்டறியப் பொழுது இருந்ததும் குழு சிறியதாக இருந்ததால்தான். ஐம்பது பேர் பேருந்தில் வந்து இறங்கியிருந்தால் அந்த அம்மையார் வாய் திறந்திருக்க மாட்டார்.

பேச்சு முடியும் தறுவாயில் திருப்பூரிலிருந்து மறுமொழி வந்தது. இளைஞர் அதை உரக்கப் படித்தார். மகன் நன்றி சொல்லவில்லை. படம் அழகாக இருக்கிறதென்றும் சொல்லவில்லை. கிழக்கு மூலை படத்தில் இல்லையே, அங்கேதான் தண்ணீர் இறங்கும், அங்கே எத்தனை வரிசை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டிருந்தான்.

மறுநாள் நண்பகலில் முகாம் முடிந்தது. நிலக்காட்சி எடுக்கவே கூடாதென்று மூன்று நாளும் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்த உச்சிவெயில் அது. நாங்கள் மலையிறங்கும் பேருந்துக்குக் காத்திருந்தபோது, அந்த இளைஞர் முக்காலியை எங்களிடம் ஒப்படைத்துவிட்டு, பூம்பாறைக்குச் செல்லும் சிற்றுந்தில் ஏறினார்.