தோற்ற ஆட்டத்தை வாசித்தல்

இலக்கியம் பேசும் இடத்தில் சதுரங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். இங்கும் நாம் பேசவிருப்பது வாசிப்பைப் பற்றித்தான். சதுரங்கப் போட்டியில் ஆடுபவர் தம்முடைய நகர்த்தல்களையும் எதிராளியின் நகர்த்தல்களையும் தாளில் குறித்துவர வேண்டும் என்பது சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி. கிரிக்கெட்டில் ஆட்டமிழந்தவர் மட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் போதும். அவருக்காகக் கணக்கெழுத வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். தம் தோல்வியைத் தம் கையெழுத்திலேயே வரிவரியாக எழுதி, கீழே கையொப்பமும் இட்டுவிட்டு எழுந்துவருபவர் சதுரங்க ஆட்டக்காரர். அந்தத் தாளின் நகல் அவருடைய சட்டைப்பையில் இருக்கிறது. அதை அவர் என்ன செய்கிறார்?

நாம் பார்த்தவரையில், அரங்கத்தின் வாசலைத் தாண்டுவதற்குள் கைப்பேசி வெளியே வந்துவிடுகிறது. நகர்த்தல்கள் எஞ்சினுக்குள் போகின்றன. அரை நிமிடத்தில் தீர்ப்பு வருகிறது: 23ஆவது நகர்த்தல் வரை நிலைமை சமம், 24இல் சரிவு. “அங்கே யானையை நடுவரிசைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும், சார்” என்று சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்கான பட்டியலைப் பார்க்கப் போய்விடுகிறார். ஆட்டம் ஆராயப்பட்டுவிட்டதாம். ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கதை தெரிந்துவிட்டது என்று சொல்பவரை நாம் வாசகர் என்போமா?

வலுவான எதிராளியிடம் தோற்ற ஆட்டத்துக்குத் தனி மதிப்பு உண்டு என்பது நம் கட்சி. இதற்குச் சற்றுக் கணக்கு பார்க்க வேண்டும். நம்மூர்ப் பொதுப்போட்டிகளில் பெரும்பாலானவை ஸ்விஸ் முறையில் நடப்பவை. தரவரிசையின் மேல்பாதியினர் முதல் சுற்றில் கீழ்ப்பாதியினருடன் மோதுவார்கள். 200 பேர் ஆடினால் முதல் எண்காரருக்கு எதிரே 101ஆம் எண்காரர் உட்காருவார். கீழ்ப்பாதியில் இருப்பவருக்கு வலுவான எதிராளி தேடிப் போகாமலே கிடைத்துவிடுகிறார். காசு கொடுத்தாலும் தனியே கிடைக்காத பாடம் நுழைவுக் கட்டணத்துக்குள் அடங்கிவிடுகிறது. இழப்போ மிகச் சொற்பம். எலோ கணக்கின்படி, 200 புள்ளி மேலே இருப்பவருடன் 100 ஆட்டம் ஆடினால் சுமார் 24 புள்ளி எடுப்பதே எதிர்பார்ப்பு. வித்தியாசம் 400 என்றால் எட்டு. பெரியவர்களில் பலருக்கும் பொருந்தும் 20 என்ற கெழுவை வைத்துப் பார்த்தால், 400 புள்ளி அதிகம் உள்ளவரிடம் தோற்பவர் தரப்புள்ளியில் இழப்பது 1.6 மட்டுமே. சமமானவரிடம் தோற்றால் 10. இருந்தும் முதல் சுற்றில் பெரிய பெயர் வந்துவிட்டால் துரதிர்ஷ்டம் என்று தலையில் கைவைப்பவர்களே அதிகம்.

தம்மைவிட வலுக்குறைந்தவரிடம் தோற்ற ஆட்டத்தில் பெரும்பாலும் ஒரு கவனப்பிசகுதான் அகப்படும். குதிரை வெட்டுப்படுவதைக் காணவில்லை, அவ்வளவுதான். அதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது? வலுவானவர் வெல்லும் ஆட்டத்தில் இப்படி ஒற்றைப் பிசகு தட்டுப்படுவதில்லை. எங்கும் பெரிய தவறு நேர்ந்ததாகத் தெரியாது. காய்கள் மெல்ல மெல்ல மூச்சுமுட்டும். 30ஆவது நகர்த்தலில் திரும்பிப் பார்த்தால் செய்வதற்கு நல்லதாக ஒன்றுமே மிச்சமிருக்காது. எங்கே தொடங்கியது இது? இந்தக் கேள்விக்கு எஞ்சின் தரும் எண்கள் பெரிதாக உதவுவதில்லை. 12ஆவது நகர்த்தலுக்குப் பின் 0.3, 17க்குப் பின் 0.6 என்று அது சொல்லிக்கொண்டே போகும். அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் ஆடியவரின் மனத்தில் என்ன ஓடியது என்பது அதற்குத் தெரிய வழியில்லை.

ஒரு நல்ல நகர்த்தலைத் தவறவிடுவதில் மூன்று வகை உண்டு. அந்த நகர்த்தல் கண்ணிலேயே படாமல் போவது ஒன்று. கண்ணில் பட்டும் கணக்கிட்டுப் பார்க்கையில் வழியில் பிசகிவிடுவது இன்னொன்று. மூன்றாவதுதான் ஆழமானது: கணக்கு சரியாகவே வருகிறது, ஆனால் கடைசியில் வரும் நிலை நமக்குச் சாதகமா பாதகமா என்ற மதிப்பீடு தவறிவிடுகிறது. மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. எஞ்சினின் திரையில் மூன்றும் ஒரே சிவப்புக் குறியாகத்தான் தெரியும். இவற்றைப் பிரித்தறியக் கூடியவர் உலகில் ஒருவர்தான், ஆடியவர். அவருக்கும் நினைவு ஓரிரு நாள்தான் தங்கும். ஆகவே எஞ்சினைத் திறப்பதற்கு முன், அன்றிரவே, எந்தெந்த இடத்தில் என்ன நினைத்தோம், எதற்கு அஞ்சினோம் என்பதையெல்லாம் எழுதிவைத்துவிட வேண்டும். ஆட்டத்தாளில் நகர்த்தலின் பக்கத்தில் கடிகார நேரத்தைக் குறித்துக்கொள்ள ஃபிடே விதி அனுமதிக்கிறது. இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. ஒரு நகர்த்தலுக்கு 25 நிமிடம், அடுத்த ஐந்துக்கும் சேர்த்து இரண்டு நிமிடம் என்று தாளில் இருந்தால், அதைவிடப் பேசும் சாட்சி வேறு வேண்டுமா?

அச்சம் என்றோம். வலுவானவருக்கு எதிரே உட்கார்ந்ததும் காய்களைச் சரமாரியாக மாற்றிக்கொண்டு சமன் செய்துவிடலாம் என்று எண்ணுவது பரவலான நோய். இறுதிக்கட்ட ஆட்டம்தான் வலுவானவரின் சொந்த வயல் என்பது அந்த நேரத்தில் மறந்துபோகிறது. தோற்ற ஆட்டங்கள் பத்தை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த நோய் தானாகவே வெளிப்பட்டுவிடும். ஓர் ஆட்டத்தை மட்டும் பார்த்தால் தெரியாது.

இந்த வேலையை ஒரு முறையாகவே வகுத்துக்கொண்டவர் மிகயீல் போத்வின்னிக். 1948இல் உலகச் சாம்பியனானவர். தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து அச்சில் வெளியிட வேண்டும், அப்போதுதான் பிறர் அதில் பிழை காண்பார்கள், தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள வழியிருக்காது என்பது அவர் விடாமல் சொல்லிவந்த பாடம். (பயிற்சி ஆட்டங்களில் நண்பர் ரகோஸினைப் புகைபிடிக்கச் சொல்லி, அந்தப் புகைக்கு நடுவே யோசிக்கப் பழகியவர் என்றும் சொல்வார்கள். அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.) 1960இல் மாஸ்கோவில் 23 வயது மிகயீல் தால் அவரை 12½–8½ என்று வீழ்த்தினார். தால் ஆறு வெற்றி, போத்வின்னிக் இரண்டே இரண்டு. அந்தப் போட்டியின் ஆறாவது ஆட்டம் இன்றும் பேசப்படுவது. கறுப்புக் காய்களுடன் ஆடிய தால் 21ஆவது நகர்த்தலில் ஒரு குதிரையைப் பலிகொடுத்தார். பார்வையாளர்களின் ஆரவாரம் தாங்காமல் ஆட்டத்தைப் பின்னறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. தால் வென்றார்.

அந்தப் பலி சரியானதல்ல என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். 25ஆவது நகர்த்தலில் யானையால் ராணியை வெட்டாமல், முன்னேறி வந்த சிப்பாயை பிஷப்பால் வெட்டியிருந்தால் போத்வின்னிக்குக் கை ஓங்கியிருக்கும். சராசரி ஆட்டக்காரர் இதைக் கேட்டதும் நிம்மதியடைந்துவிடுவார். “நான்தான் ஜெயித்திருக்க வேண்டும், அவன் போட்டது பொய்க் கணக்கு” என்று சொல்லிக்கொண்டு தூங்கப் போவார். போத்வின்னிக் எடுத்த முடிவு வேறு. காய்கள் திறந்த வெளியில் பாய்ந்து திரியும் நிலைகளில், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கையில், தாலின் கணக்கிடும் வேகத்துக்கு ஈடுகொடுப்பது கடினம். வீட்டில் உட்கார்ந்து மறுப்பைக் கண்டுபிடிப்பதால் அந்த உண்மை மாறிவிடாது. எனவே அத்தகைய நிலைகளே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூடிய அமைப்புகள், சீக்கிரமே ராணிகளை மாற்றிக்கொள்ளுதல், இறுதிக்கட்டத்தை நோக்கிய நகர்வு என்று மறுபோட்டிக்குத் தயாரானார்.

இதில் நம்மைக் கவர்ந்த சிறிய விஷயம் ஒன்று உண்டு. 1960இல் அவர் தோற்ற ஆட்டங்களில் காரோ-கான் தற்காப்பில் ஆடியவையும் இருந்தன. நம்மவர்கள் ஒரு தொடக்கத்தில் இரண்டு முறை தோற்றால் அதைத் தூக்கியெறிந்துவிட்டு மூன்றாவதைத் தேடுவார்கள். புத்தகக் கடைக்காரருக்கு லாபம். போத்வின்னிக் 1961லும் காரோ-கானை விடவில்லை. தோல்விக்குக் காரணம் தொடக்கம் அல்ல என்பதை ஆராய்ந்து தெளிந்தவரால்தான் அப்படித் தொடர முடியும். அந்த ஆண்டு 13–8 என்று பட்டம் அவரிடமே திரும்பியது. பத்து வெற்றி, ஐந்து தோல்வி, ஆறு சமன், 49 வயதில். தால் அப்போது சிறுநீரக நோயால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். நோயைக் கழித்துப் பார்த்தாலும் அந்த ஆட்டங்களின் போக்கில் ஓராண்டுப் படிப்பு தெரிகிறது என்றே நினைக்கிறோம். இதற்கு முன்பும் அவர் இதைச் செய்திருக்கிறார்: 1957இல் ஸ்மிஸ்லோவிடம் இழந்த பட்டத்தை 1958இல் மீட்டார்.

அலேகினைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1927ஆம் ஆண்டு உலகப் பட்டப் போட்டிக்கு முன் கபாபிளாங்காவை அவர் ஒருமுறைகூட வென்றதில்லை. அதே ஆண்டு நியூயார்க் போட்டியில் கபாபிளாங்கா முதலிடம், அலேகின் இரண்டாமிடம். அந்த ஆட்டங்களைக் கல்லடுக்குப்போல ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தவர், பூனோஸ் ஐரெஸில் 34 ஆட்டங்கள் நீடித்த போட்டியில் ஆறு வென்று மூன்று தோற்றுப் பட்டத்தைப் பறித்தார். நியூயார்க் போட்டியைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் இன்றும் கிடைக்கிறது. அவருடைய தன்முனைப்பைச் சகித்துக்கொண்டால் படிக்கத் தகுந்தது.

இவர்களுக்கெல்லாம் எஞ்சின் இல்லை, வேறு வழியும் இல்லை என்று சொல்லக்கூடும். சென்னையில் வளர்ந்த குகேஷின் கதையை அதற்காகவே எடுத்துக்கொள்ளலாம். 2019 ஜனவரியில் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர். அந்த நிலையை எட்டும் காலம்வரை எஞ்சின் துணையின்றியே பயிற்சி பெற்றார்; அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா தெரிந்தே எடுத்த முடிவு அது. எல்லோர் கையிலும் எஞ்சின் இருந்த காலத்தில் ஒரு சிறுவனிடமிருந்து அதைத் தள்ளிவைப்பது சாதாரணத் துணிச்சல் இல்லை. 2024இல் டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாவது சுற்றில் அலிரெஸா ஃபிரூஜாவிடம் நேர நெருக்கடியில் குகேஷ் தோற்றார். அடுத்த நாள் ஓய்வு நாள். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் புதுத்தெம்பு வந்தது என்று பின்னர் அவரே சொன்னார். 14 ஆட்டங்களில் 9 புள்ளியுடன் அப்போட்டியை வென்றார். அந்த ஆண்டின் இறுதியில் உலகச் சாம்பியனும் ஆனார்.

எஞ்சினே கூடாது என்பது நம் வாதமல்ல. அதைக் கடைசியில் கூப்பிட வேண்டும், முதலில் கூப்பிட வேண்டியவர் வேறொருவர். நம்மைத் தோற்கடித்த அந்த எதிராளி. ஆட்டம் முடிந்ததும் இருவரும் பலகையைச் சுற்றி உட்கார்ந்து காய்களைப் பின்னுக்கு நகர்த்திப் பேசுவது சதுரங்க உலகின் பழைய மரியாதைகளில் ஒன்று. “இங்கே நீங்கள் சிப்பாயைத் தள்ளியிருந்தால் எனக்குச் சங்கடம்தான்” என்று வென்றவர் சொல்லும் ஒரு வாக்கியம், எஞ்சினின் பத்து வரிகளுக்குச் சமம். வலுவானவர் எதைப் பார்த்தார் என்பதைவிட, எதைப் பார்க்கவே தேவையில்லை என்று ஒதுக்கினார் என்பதில்தான் அவருடைய வலு இருக்கிறது. அது அவருடைய வாயிலிருந்து மட்டுமே வரக்கூடியது. ஸ்டீஃபன் ஸ்வைக்கின் சதுரங்கக் குறுநாவலில் வரும் டாக்டர் பி. நினைவுக்கு வருகிறார். சிறையில் 150 ஆட்டங்கள் கொண்ட புத்தகம் ஒன்றை மனப்பாடம் செய்து, பிறகு தன்னோடு தானே ஆடிச் சித்தம் கலங்கியவர். ஆட்டம் தெரியும், எதிரே உட்கார்ந்து “ஏன் அப்படி?” என்று கேட்க ஆளில்லை.

இப்போது அந்த மரியாதை நம்மூர் அரங்கங்களில் தேய்ந்துகொண்டு வருகிறது. வென்ற சிறுவனை அவன் அம்மா அவசரமாக அழைத்துக்கொண்டு போகிறார், அடுத்த சுற்றுக்குள் சாப்பிட வேண்டும். தோற்ற சிறுமி படிக்கட்டில் அழுதுகொண்டிருக்க, அப்பா கைப்பேசியைத் திருப்பிக் காட்டி “இதுகூடத் தெரியலையா?” என்கிறார். அவர் காட்டும் நகர்த்தல் உலகச் சாம்பியனுக்கும் தட்டுப்பட்டிருக்காது என்பது அவருக்குத் தெரியாது. அந்தக் குழந்தை தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, அடுத்த முறை வலுவான பெயரைப் பார்த்ததும் சமனுக்காகக் கெஞ்சும் ஆட்டத்தை ஆடத் தொடங்குகிறது.

இடைவெளி மிகப் பெரிதாக இருந்தால் ஆராய்ச்சியில் பயனில்லை என்பவர்கள் உண்டு. இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. 1400 புள்ளிக்காரர் கிராண்ட்மாஸ்டரிடம் தோற்ற ஆட்டத்தில் எல்லாமே பாடம்தான். அதனாலேயே எதையும் கற்க முடியாது. 150 முதல் 300 புள்ளி வரை மேலே இருப்பவரிடம் தோற்றவையே நம் கணிப்பில் அதிகம் விளையும் நிலம். அவற்றிலும் முழு ஆட்டத்தையும் உழ வேண்டியதில்லை. போக்கு மாறிய ஒன்றிரண்டு இடங்களைக் கண்டு, அவற்றில் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டால் போதும்.

போட்டி நடத்துபவர்களிடம் ஒரு கோரிக்கை. கோப்பைகளின் உயரத்தை ஆண்டுதோறும் ஓர் அங்குலம் கூட்டுகிறீர்கள். அந்தச் செலவில் ஒரு சிறு பகுதியை எடுத்து, அரங்கத்துக்கு வெளியே ஒரு நீளமேசை, ஆறு பலகைகள், ஒரு மின்விசிறி போட்டுக் கொடுங்கள். ஆடி முடித்த இருவர் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசட்டும். கைப்பேசிகளை வாங்கிவைக்க நுழைவாயிலில் ஏற்கெனவே ஆள் வைத்திருக்கிறீர்கள். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.