பிரேக்கில் ஒளிந்திருக்கும் ஈரம்

மோட்டார் வண்டி வைத்திருப்போர், அதன் ஓட்டத்தைப் பற்றிப் பேசும் உற்சாகத்தில் பாதியளவேனும் அதை நிறுத்துவதைப் பற்றிப் பேசுவதில்லை. "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது?" என்று கேளாதவர் இல்லை. "பிரேக் திரவத்தை மாற்றி எத்தனை வருஷமாயிற்று?" என்று கேட்பவரோ மிக அரியர். ஓடாத வண்டியால் விளைவது அசௌகரியம். நில்லாத வண்டியால் விளைவது உயிர்ச்சேதம். ஆகையால் இவ்வாரம் இவ்விஷயத்தைச் சற்று ஆராய்வோம்.

காலால் பிரேக் மிதியை அழுத்தும்போது, அந்த அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்வது குழாய்களில் அடைபட்டிருக்கும் ஒரு திரவமே. அடைபட்ட திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அவ்வழுத்தம் குறையாமல் எப்பக்கமும் பரவும் என்பது, 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்ட உண்மை. இவ்வுண்மையை நான்கு சக்கரங்களின் பிரேக்குகளுக்கும் பயன்படுத்தி, 1921-ல் அமெரிக்காவில் டூசன்பர்க் என்ற வண்டி விற்பனைக்கு வந்தது. ஆதியில் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த திரவங்களை இதற்கு உபயோகித்தார்கள். இன்று பெரும்பாலான வண்டிகளில் இருப்பது கிளைக்கால் என்னும் இரசாயன வகையைச் சேர்ந்த திரவம். பட்டறைகளில் இதனை 'பிரேக் ஆயில்' என்றே அழைப்பது வழக்கமாயினும், இது எண்ணெய் அன்று. பெயரை நம்பி எஞ்சின் ஆயிலை இதில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் உப்பிக் கெட்டுப் போகும்.

இத்திரவத்திற்கு ஒரு சுபாவம் உண்டு. மழைக்காலத்தில் சாடியிலுள்ள உப்பு கசிந்து நீர் விடுவதை இல்லத்தரசிகள் அறிவார்கள். காற்றிலுள்ள ஈரத்தை உப்பு இழுத்துக்கொள்வதே அதற்குக் காரணம். பிரேக் திரவமும் அவ்வாறே ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. தொட்டியின் மூடியிலுள்ள நுண்ணிய துவாரத்தின் வழியாகவும், ரப்பர் குழாய்களின் சுவர்களை ஊடுருவியும், ஈரம் நாள்தோறும் சிறிது சிறிதாக உட்புகுகிறது. வண்டி ஓடினாலும் நின்றாலும் இது நடைபெற்றுக்கொண்டேயிருக்கும். கடற்கரை நகரங்களின் ஈரக்காற்றில் இன்னும் விரைவாக நடைபெறும்.

"அப்படியானால் ஈரத்தை உறிஞ்சாத திரவத்தை உபயோகிக்கலாகாதா?" என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அத்தகைய திரவமும் உண்டு, சிலிகோனால் ஆனது. ஆனால் அதில் புகுந்த நீர் கலவாமல் துளித்துளியாகத் தாழ்ந்த இடங்களில் தங்கி, அங்கே துருவை உண்டாக்கும். 100 டிகிரியிலேயே கொதித்தும் விடும். கிளைக்கால் திரவமோ புகுந்த நீரைத் தன்னுள் கரைத்துக்கொண்டு ஓரிடத்தில் தேங்காமல் காக்கிறது. ஆகவே ஈரத்தை உறிஞ்சுவது அதன் குணமே. அளவு மீறும்போதுதான் குணமே குற்றமாகிறது.

அந்த அளவு எவ்வளவு? அமெரிக்கப் போக்குவரத்து இலாகாவின் தர நிர்ணயப்படி, 'டாட் 3' என்ற திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்ஸியஸ் வரை கொதியாதிருக்க வேண்டும். அதில் 3.7 சதவிகிதம் நீர் சேர்ந்த நிலையில் தாங்கவேண்டிய அளவு 140 டிகிரியே. 'டாட் 4' வகைக்கு இவ்வெண்கள் முறையே 230-உம் 155-உம் ஆகும். அரை லிட்டர் திரவத்தில் 3.7 சதவிகிதம் என்பது ஒரு மேஜைக் கரண்டிக்குச் சற்று மேற்பட்ட நீர்தான். அக்கரண்டி நீர், 65 அல்லது 75 டிகிரி பாதுகாப்பை விழுங்கிவிடுகிறது!

ஊருக்குள் ஓட்டும்போது இதனால் யாதொரு வித்தியாசமும் தெரியாது. பரீட்சை மலைப்பாதையில்தான். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்; ஆழியாற்றிலிருந்து வால்பாறை செல்லும் பாதையில் 40. 1,200 கிலோ எடையுள்ள வண்டியொன்று 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதாகக் கொள்வோம். அவ்விறக்கத்தில் வெளிப்படும் சக்தி, 40 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. எஞ்சினும் காற்றும் அதில் ஒரு பங்கை ஏற்றாலும், காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்குகிறவரின் வண்டியில் பெரும்பகுதி பிரேக்குகளில் உஷ்ணமாக மாறுகிறது. அவ்வுஷ்ணம் பக்கத்திலுள்ள திரவத்தையும் தாக்குகிறது.

திரவத்திலுள்ள நீர் கொதித்து ஆவியாயிற்றானால் காரியம் கெட்டது. திரவம் அழுத்தத்திற்குச் சுருங்காது. ஆவியோ பஞ்சைப்போல் சுருங்கும். ஓட்டுகிறவரின் கால்பலமெல்லாம் அவ்வாவியைச் சுருக்குவதிலேயே செலவழிய, சக்கரத்திற்கு ஒன்றும் போய்ச் சேருவதில்லை. மிதி தரையைத் தொடும், வண்டி நில்லாது. இதில் மிகவும் வஞ்சகமான அம்சம் யாதெனில், சற்று ஆறியதும் ஆவி மீண்டும் நீராகிவிடும். பிரேக்கும் பழையபடி வேலை செய்யும். மறுநாள் சோதித்துப் பார்க்கும் மெக்கானிக்குக் குற்றம் ஒன்றும் புலப்படாது. "டிரைவர் பயந்துவிட்டான்" என்று பழி அவன்மேல் விழும்.

ஈரத்தின் தீமை இத்துடன் நிற்பதில்லை. சிலிண்டர்களின் உட்புறத்தைத் துரு அரிக்கிறது, பிஸ்டன்கள் இறுகிப்போகின்றன. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் நவீன யந்திர அமைப்பின் நுண்ணிய வால்வுகளும் கெடுகின்றன. அவற்றை மாற்றுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், புதிய திரவத்தின் விலை அற்பமே.

இனிச் செய்ய வேண்டியவை. வண்டியுடன் கொடுத்த புத்தகத்தில் கண்டுள்ள தவணையில் திரவத்தை முழுவதும் மாற்றுக. பல வண்டிகளுக்கு அது 2 ஆண்டுகள். வண்டி அதிகம் ஓடவில்லையே என்று தவணையைத் தள்ளிப் போடலாகாது. ஈரம் கிலோமீட்டர்க் கணக்குப் பார்த்துப் புகுவதில்லை. தொட்டி நிறைந்திருக்கிறது என்று திருப்தியடைவதும், மேலாகச் சிறிது ஊற்றி நிறைப்பதும் பயன் தாரா. ஈரமேறிய திரவம் சக்கரத்தருகே அப்படியே இருக்கும். நிறத்தைக் கண்டும் தீர்மானிக்க இயலாது. சந்தேகமிருப்பின் கொதிநிலையை அளக்கும் கருவியால் சோதிக்கச் சொல்லுக. முத்திரை உடையாத புட்டியையே வாங்குக. சென்ற வருஷம் திறந்து மிச்சம் வைத்த புட்டியை நம்பற்க. புத்தகத்தில் குறிப்பிட்ட வகையையன்றி வேறொன்றைக் கலவற்க. வண்ணத்தின்மேல் சிந்தினால் உடனே நீர் விட்டுக் கழுவுக. இல்லையேல் பெயிண்ட் உரிந்துவிடும். வட்டப் பிரேக் பொருத்திய மோட்டார் சைக்கிள்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் இவையனைத்தும் பொருந்தும்.

மலையிறங்கும்போது, ஏறுகையில் எந்த கியர் வேண்டியிருந்ததோ அதே கியரில் இறங்குவது பழைய டிரைவர்களின் நல்ல வழக்கம். ஒருகால் மிதி தொய்யுமாயின், அதனை மீண்டும் மீண்டும் விரைந்து மிதித்து, கியரைக் குறைத்து, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாகப் பிடித்து, ஓரங்கட்டி நிறுத்துக. ஆறியபின் பிரேக் சரியாகிவிட்டதென்று மகிழ்ந்து புறப்பட்டுவிடுவது பேதைமை.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர் பெரியோர். வெள்ளத்திற்கு அணை போட ஊரே கூட வேண்டும். இந்தக் கரண்டி நீரைத் தடுப்பதற்கோ, இரண்டாண்டுக்கு ஒருமுறை பட்டறையில் ஒருமணி நேரம் போதும். அடுத்த விடுமுறைக்குக் குழந்தை குட்டிகளுடன் மலைவாசம் செல்ல எண்ணுவோர், கம்பளிச் சட்டைகளை எடுத்து வைக்குமுன் அவ்வொரு மணி நேரத்தை ஒதுக்குவார்களாக.